கையோடு வந்த கை

லிட்டில் இந்தியாவில் ஓர் ஆண்கள் சட்டைக் கடை. எனக்கு ட்ரையல் வாரம். முதலாளி பாய்க்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் எம்ஆர்டி ரயிலேறித் தெம்பனிஸில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை படித்த முதல் ஆள் நான். மகன் ‘ரீடெய்ல் எக்சிகியூட்டிவ்’ ஆகிவிட்டான் என்று அம்மா எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லிவிட்டார். ட்ரையல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். விற்பவர்கள் கடைச் சட்டையைத்தான் போட வேண்டும். அதைச் சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று, பார்வைக்கு அதே போலிருந்த ஒரு நீலச் சட்டையை போன் ஆப்பில் வாங்கிப் போட்டிருந்தேன். கடைச் சட்டை ஒன்றின் விலைக்கு அங்கே மூன்று கொடுத்தார்கள். மற்ற இரண்டும் முதல் சலவையிலேயே என் தம்பிக்குச் சரியாகிவிட்டன.

சனிக்கிழமை செம்பவாங்கிலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சட்டை வேண்டுமாம்.

“இந்த ஆர்டர் வந்துச்சுன்னா நீ பர்மனென்ட், தம்பி,” என்று பாய் காதோடு சொன்னார்.

நான் மளமளவென்று பேசினேன். “தோள்ல டபுள் ஸ்டிச், ஆன்ட்டி. யாரு இழுத்தாலும் வராது லா!”

“யாரு இழுத்தாலுமா?” என்றவர், மேசை மேல் இருந்த சட்டையை விட்டுவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

‘சர்ர்’ என்று ஒரு சத்தம். என் சட்டைக் கை அவர் கையில் தொங்கியது.

“அலாமாக்! இதையா மாப்பிள்ளை பக்கத்துக்குக் குடுக்கச் சொல்றீங்க?”

பாய் பதறிப்போனார். “அல்லா! அக்கா, அது நம்ம கடைச் சரக்கே இல்ல!”

“கடைக்காரப் பையனே போடாத சட்டைய நான் எதுக்கு வாங்கணும்?”

பாய் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஆன்ட்டி, இங்க ஒண்ணு வாங்குற காசுக்கு ஆப்ல மூணு கிடைச்சுது. மூணும் போச்சு. இது கடைசி.”

ஆன்ட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் அந்த இடைவெளியில் ஒரு கடைச் சட்டையை எடுத்து, என் ஒற்றைக்கைச் சட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டு, “இப்ப இழுங்க!” என்றார்.

ஆன்ட்டி கைப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். நான் வேட்டி அடுக்கைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, கல்லா வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

“பாய், சட்டைக் கை வரல,” என்றார் மூச்சு வாங்க. “ஆள்தான் வர்றான். இதையே எல்லாருக்கும் போடுங்க.”

அம்மா புளோக்கில் சொன்னது அன்றைக்குத்தான் உண்மையானது.

இப்போது என் அலமாரியில் சட்டைகள் குறைவு. ஒன்று வாங்கிக் கொஞ்ச காலம் பொறுத்துத்தான் அடுத்தது. ஆனால் வாங்கியவை எல்லாம் இன்னும் என் அளவிலேயே இருக்கின்றன. குறைந்த சம்பளத்தில் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: விலையைப் பார்த்துவிட்டு, தோள் தையலையும் இழுத்துப் பாருங்கள். ஆப்பில் அது முடியாது. கடையில் முடியும். சட்டைக்குள்ளே ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இழுங்கள், அவ்வளவுதான்.