நாலு படியும் ஒரு பொன்னாடையும்

பொன்னாடை என்றாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. ஜரிகை கழுத்தை அறுக்கும், பூட்டிவைத்த பீரோவின் வாசம் வரும். போன பொங்கல் விழாவில் எனக்கு ஒன்று போர்த்தினார்கள். எதற்கு? நோயோடு சிரித்துக்கொண்டே வாழ்கிறேனாம்.

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். எலி கடித்த ஒயர் மாதிரி நரம்பின் மேலுறை அங்கங்கே போய்விடும். மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தள்ளாடிவிடுவேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் அடுக்குமாடி. லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுக்கும் கேட்டுக்கும் நடுவே நாலு படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கணவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். எனக்கு ஆபீஸ் கேப் எட்டரைக்கு. வாட்ச்மேன் இருந்தால் அவர் கையைப் பிடிப்பேன். இல்லாவிட்டால் நாய் படுத்த படியில், யாரோ துப்பிவைத்த படியில், நல்ல சுடிதாரோடு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். அந்த நாலு படியை நின்றபடி, நானே இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டு எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். முகப்பின் அழகு கெட்டுவிடும், வீடு வாங்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள் என்றார். அதே மனிதர்தான் பொங்கலுக்கு முன் இனிப்போடு வந்தார்.

"இவ்ளோ கஷ்டத்துலயும் சந்தோஷமா இருக்கீங்க மேடம். அதைப் பத்தி நம்ம ஜனங்களுக்கு நாலு வார்த்தை பேசணும்."

பேசினேன். அதுதான் இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மேடைக்கும் நாலு படி. நான் ஏறுவதற்காக, பந்தல்காரரிடம் சொல்லி ஒரு சவுக்குக் கட்டையைக் கைப்பிடியாகக் கட்டவைத்திருந்தார் செயலாளர். பிடித்து ஏறினேன். மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்றேன். முந்தின நாள் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுததைச் சொல்லவில்லை. பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளரே பொன்னாடை போர்த்தினார். ஒரே கைதட்டல்.

விழா முடிந்ததும் பந்தல்காரர் கட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். கரையான்சாவடியில் கடை வைத்திருப்பவர். அதை வாசல் படியில் கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். செயலாளர் குறுக்கே வந்து, அதான் விழா முடிந்துவிட்டதே என்றார். பந்தல்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னாக்கா, ஒரு கட்டைக்குப் போயி இவ்ளோ கெஞ்சிகினு கீற? கட்டிட்டுப் போறேன், கெடக்கட்டும்."

கீழே ஒரு முளை அடித்து, மேலே தூணோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் அதைப் பிடித்து இறங்கினேன். கட்டையின் சிலாம்பு ஏறி உள்ளங்கையெல்லாம் ரத்தம். நோயால் கையும் மரத்துப் போயிருப்பதால் கேபில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். சாயங்காலம் பொன்னாடையை எடுத்து வந்து கட்டை முழுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

அடுத்த நாள் காலை நான் லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது, கட்டையை அவிழ்க்கச் செயலாளர் குனிந்திருந்தார். முடிச்சில் கை வைத்தவர் ஜரிகையைப் பார்த்தார். ஸ்கூல் வேனுக்கு நின்ற அம்மாக்கள் அவரைப் பார்த்தார்கள். விழாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டவரும் அவர்களில் இருந்தார். செயலாளர் கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்.

நாலு படியையும் நானே இறங்கினேன். சந்தோஷமாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை.