நடுக்கடலில் ஒரு தூக்கு பஞ்சாமிர்தம்

குடும்பங்களைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்களுக்குக் கோயிலும் கடலும் அப்புறம்தான். முதலில் அத்தனை பேருடைய வயிறு. பஸ்ஸிலோ ரயிலிலோ ஊரார் வயிற்றுக்குப் பொறுப்பேற்று, மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுக் கேட்டே இளைத்துப்போன சக துர்பாக்கியசாலிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் வேலை பார்த்த டிராவல்ஸ் தி.நகரில், பாண்டி பஜார் பக்கம், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. போர்டில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதின புதிது. மயிலாப்பூர், அடையாறு குடும்பங்களைக் கப்பலில் அந்தமானுக்கு அழைத்துப் போகலாம் என்று எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கப்பல் சாப்பாடு அவர்களுக்கு ஆகாது. அதனால் கப்பல் சமையலறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அடுப்பு வாங்கி, கூட்டிக்கொண்டு போகிற என்னோடு எங்கள் சமையல்காரர் வெங்குவையும் அனுப்பினார். நான் சாந்தோம்காரி, பெயர் ஸ்டெல்லா. வீட்டில் எல்லாரும் டீச்சர்கள். எனக்கு மட்டும் புத்தி இப்படிப் போயிற்று.

நகப் பரிசோதனை

கிளம்புவதற்கு முந்தின வாரம் நடேசன் மாமா ஆபீசுக்கு வந்தார். வடக்கு மாட வீதிக்காரர், பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் டூர்களுக்கு மயிலாப்பூரில் ஆள் பிடித்துக் கொடுப்பவரே அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் பெட்டியை அவிழ்த்துவிடுவார்கள். சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார்.

வெங்கு வந்து நின்றார். கல்யாணச் சமையலில் பேர் வாங்கின மனிதர். வெந்நீரில் அலம்பாத கரண்டியைத் தொடமாட்டார்; நேற்றுத் தோய்த்த தயிரை இன்று தொடமாட்டார். அவரைப் போய், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார் மாமா. வெங்குவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சிரித்து வைத்தேன். மாமா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "உப்பு, புளி முன்ன பின்ன இருந்தா பரவால்ல. கை மட்டும் சுத்தமா இருக்கணும், கேட்டியா? நடுக்கடல்ல வயத்துக்கு ஒண்ணுன்னா எங்கே போறது?"

மங்களம்

மாமாவிடம் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. கிளம்பும் நாளன்று ஸ்வாமிக்கு அபிஷேகம் செய்து வாங்கின பஞ்சாமிர்தம். வாழைப்பழமும் வெல்லமும் மட்டுமென்றால் அது பாட்டுக்கு இருந்திருக்கும். இதில் அபிஷேகம் ஆன பாலும் தயிரும் கலந்திருந்தன. கரை கண்ணுக்கு மறைந்தபின் எல்லாருக்கும் தன் கையால் கொடுப்பதாக வேண்டுதலாம். எனவே தூக்கு அவருடைய கேபினில், படுக்கைக்கு அடியில், கொதிக்கிற இரும்புச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் நாள் காலை எல்லாரையும் மேல்தளத்தில் கூட்டி மூடியைத் திறந்தார். புஸ் என்று ஒரு சத்தம். விளிம்புவரை நுரை. புளித்த வாடை கடல் காற்றையும் மீறி என் மூக்கில் ஏறியது. "மாமா, இது..." என்று ஆரம்பித்தேன். அவர் முதல் கரண்டியை என் உள்ளங்கையில் விட்டார். சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தோம் பெண் வாங்கிக்கொள்கிறாளா என்று பார்க்கிற பார்வை அது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். விழுங்கிவிட்டேன். ஒரு கைக்குழந்தையும் ஒரு மாமியும் தவிர எல்லாரும் விழுங்கினார்கள். மாமாவின் மனைவி ஜானகி மாமி சர்க்கரை நோயாளி, அதனால் தொடவில்லை. அடுப்படியில் இருந்த வெங்குவுக்குக் கொண்டுபோவதற்குள் தூக்கு காலி.

மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "பொங்கி வந்திருக்கு பாத்தியா, கடல் நடுவுல! மங்களம்மா, மங்களம்!"

கதவுக்கு இரண்டு பக்கம்

மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் கறி. ரசித்துச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு முதல் ஆள் ஓடினார். நாலு மணிக்கு நடைவழி முழுக்க வரிசை. ஜன்னல் சீட்டுக்காக எங்கள் ஆபீசில் சண்டை போட்டவர்கள் இப்போது கக்கூஸ் கதவுக்காகப் போட்டார்கள். ஒருவர் கதவை இடிக்க, உள்ளேயிருந்து, "தட்டாதேள் ஓய்! ஆசைக்கா உக்காந்திண்டிருக்கேன்?" என்று பரிதாபமாகக் குரல் வந்தது. வரிசையில் நானும்தான் நின்றேன், மாத்திரைப் பையோடு.

வேடிக்கை அதோடு சரி. அடையாறு இன்ஜினியர் ஒருவருடைய ஐந்து வயதுப் பெண் துவண்டுபோனாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கப்பல் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். கரைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் ஜெபித்த மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். வாளியோடு போன துப்புரவுக்காரர் நின்றார். நொச்சிக்குப்பத்துக்காரர், பல வருஷமாகக் கப்பலில் இருப்பவர். "இன்னாக்கா, பொயலு அட்ச்சப்பகூட இம்மாம் பேரு சாய்ல. இன்னாத்த துன்னாங்கோ?"

டாக்டர் கேட்ட கேள்வி

அதையேதான் டாக்டரும் கேட்டார். எல்லாரும் பொதுவாகச் சாப்பிட்டது என்ன? சாதம் என்றார்கள், சாம்பார் என்றார்கள், கறி, மோர், காலையில் குடித்த காபி வரை சொன்னார்கள். "வேற எதாவது?" என்றார் டாக்டர். வேறு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். அவர்கள் கணக்கில் அது நிஜமாகவே வரவில்லை.

பொறுக்க முடியாமல், "காலைல பஞ்சாமிர்தம் சாப்பிட்டோம் டாக்டர்" என்றேன். படுத்திருந்த மாமா கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை அவருக்கு. தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: "அது சாப்பிடறது இல்லம்மா ஸ்டெல்லா. அது பிரசாதம்."

அதே சாம்பார்

யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டுமே. ஜானகி மாமி மாமாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை; வெங்கு மட்டும் நடமாடிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார், குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். அதுவே வினையாகப் போயிற்று. "எல்லாரும் விழுந்து கிடக்கோம், சமைச்சவன் மட்டும் எப்படிக் குத்துக்கல்லாட்டம் நிக்கறான்?" என்று கேட்டார் இன்ஜினியர். பெண்ணைப் பெற்றவர், அவருடைய பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த 'அவன்' வெங்குவின் காதில் விழுந்துவிட்டது.

வெங்கு உள்ளே போய் மத்தியானச் சாம்பாரில் மிச்சம் இருந்ததைச் சட்டியோடு கொண்டுவந்தார். அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாதத்தில் விட்டுப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து நின்றார், ஒரு குறையும் இல்லாமல். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுக்குப் பழகின வயிறு. என்ன ஆகப்போறது?"

மாமி

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஜானகி மாமி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "நான் அதைத் தொடலை. சாம்பார் ரெண்டு தரம் வாங்கிண்டேன். எனக்கு ஒண்ணுமே ஆகலை பாரு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மாமி, இதை அவங்க எல்லார் முன்னாடியும் ஒருவாட்டி சொல்லிடுங்களேன். வெங்கு அண்ணன் பொழப்பே போயிடும் போலிருக்கு" என்றேன்.

மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். "பாவம்தான் வெங்கு. ஆனா பிரசாதத்தாலதான் வந்ததுன்னு என் வாயால சொல்லிட்டு, நான் அவரோட ஒரே ஆத்துல இருக்க வேண்டாமாடி?"

முதலாளி

சென்னைக்குத் திரும்புவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு மாட வீதி நாலையும் சுற்றி வந்துவிட்டது. 'வெங்கு கை' என்றால் போதும், கல்யாண வீடுகளில் வேறு ஆளைத் தேடினார்கள். முதலாளி அவரை நின்றுவிடச் சொன்னார். நான் முதலாளியிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: நுரை, வாடை, மாமி சாப்பிட்ட சாம்பார், வெங்கு கவிழ்த்த சட்டி. வெங்கு தன் சொந்தக் கரண்டிகளைத் துணியில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வேலை போனாப் போறது. சாம்பாரால இல்லைன்னு மட்டும் யாராவது ஒருத்தர் மயிலாப்பூர்ல சொன்னாப் போறும்" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. வெங்கு படியிறங்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது அத்தனையும் நிஜம்மா. ஆனா ஸ்டெல்லான்னு பேரை வெச்சுக்கிட்டு அதை நீ மயிலாப்பூர்ல சொன்னா, அது வேற கதையாயிடும்."

புது ஆள்

அடுத்த வருஷம் கன்னியாகுமரிக்குப் பஸ். மாமா தூக்கோடு வந்தார். மதுரை தாண்டி, வெயில் கொளுத்துகிற மத்தியானம், ஒரு மரத்தடியில் மூடியைத் திறந்தார். அதே சத்தம். புதுச் சமையல்காரர் சின்ன வயசு, கே.கே. நகரிலிருந்து வந்தவர். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர், போட்டது போட்டபடி ஓடிவந்து, எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டினார். வாங்கி விழுங்கினார். மறுபடி நீட்டினார். மாமா பூரித்துப்போனார். "இவன்தான் பக்திமான்! போன தடவை வந்தவனுக்கு இதெல்லாம் எங்கே?" என்றார்.

நான் புது ஆளை பஸ்ஸுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். "ஏங்க, வாடை வரலையா உங்களுக்கு?" என்றேன். அவர் ஏற்கெனவே வெளிறியிருந்தார். "நல்லாவே வந்துச்சு மேடம். வெங்கு அண்ணன்தான் சொல்லி அனுப்பிச்சாரு: அவங்க எதைக் குடுத்தாலும் முதல்ல நீ தின்னுடு, எல்லாரும் படுத்தா நீயும் கூடவே படுத்துடு, நிமிந்து நின்னேன்னா பொழப்பு போயிடும்னு."

ஊரார் வயிற்றைக் கெடாமல் காப்பாற்றுவது எப்படி என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் ஊரே படுத்திருக்கும்போது ஒருவர் வயிறு மட்டும் நன்றாக இருந்தால் அவரை ஒருவராலும் காப்பாற்ற முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.