கிரேன் அக்காவின் நெஞ்சுவலி

அக்காவின் நெஞ்சில் ஒட்டியிருந்த ஈ.சி.ஜி. கம்பிகளைக் கழற்றிக்கொண்டே மருத்துவர் சொன்னார்: "இதயம் நல்லா இருக்கும்மா. ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கு."

"அப்போ நான் நடிக்கிறேனா டாக்டர்?" என்றாள் அக்கா.

"வலி நிஜம். பதற்றத்துல நெஞ்சுத் தசை இறுகினாலும் இப்படி வலிக்கும். எப்போலேர்ந்து?"

அக்கா அடுக்குமாடிக் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள். "போன மாசம் ஒரு கம்பிக்கட்டு காத்துல ஆடி, கீழ நின்ன ஆளு தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போச்சு. அன்னைலேர்ந்து."

"ஏணி ஏறும்போது வலிக்குதா?"

"எழுபது மீட்டர் ஏறுவேன், ஒண்ணும் பண்ணாது. சுமையை இறக்கும்போதுதான்."

"எப்படி இறக்குவீங்க? செஞ்சு காட்டுங்க."

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத இரண்டு நெம்புகோல்களைப் பிடித்தாள். பார்வை தரையில் குத்திட்டு நின்றது.

"அக்கா, மூச்சு விடு," என்றேன்.

"இருடி, இன்னும் தரை தொடல."

மருத்துவர் சிரித்துவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அம்பது இருக்கும்," என்றாள் அக்கா, அப்போதுதான் மூச்சு விட்டு.

வலி வந்த முதல் நாள் அக்கா பாதி வேலையில் கீழே இறங்கிவிட்டாள்; இன்னொரு தடவை அப்படி இறங்கினால் கிரேனை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதனால்தான் ஒரு மாதமாக அக்கா வலியை மறைத்தாள். மறுநாள் நேராக அவரிடமே போனாள். "வலி வந்தா சுமையை முதல்ல பத்திரமா இறக்கி வெச்சுடுவேன். அப்புறம் பத்து நிமிஷம் எனக்கு வேணும்," என்று மருத்துவரின் கடிதத்தை நீட்டினாள். அவர் முணுமுணுத்தார், மறுக்கவில்லை.

கீழிருந்து வாக்கி-டாக்கியில் அளவு சொல்லும் சிக்னல்காரரிடம், ஒவ்வொரு மீட்டருக்கும் 'மூச்சு' என்று சேர்த்துச் சொல்லச் சொன்னாள்.

"நான் என்ன இங்க பிரசவமா பாக்கறேன்?" என்றார் அவர். ஆனாலும் சொன்னார். "மூணு மீட்டர், மூச்சு. ரெண்டு மீட்டர், மூச்சு." கொத்தனார்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

முதல் வாரம் இரண்டு முறை வலி வந்தது. சுமையை இறக்கிவிட்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மூச்சு விட்டபடி கேபினிலேயே உட்கார்ந்திருந்தாள். வலி அடங்கியது. மூன்றாவது வாரம் ஒருநாள்கூட வரவில்லை. கிரேன் அவளிடமே இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டுக்கொண்டாள்:

"திரும்ப வலிக்குதுன்னு சொன்னா, 'பயம்தான், விடு'ன்னு உடனே சொல்லிடாதே. புதுவிதமா இருக்கா, ஏறும்போது வலிக்குதா, கைக்கோ தாடைக்கோ பரவுதா, வேர்த்துக் கொட்டுதான்னு கேளு. ஒண்ணுக்கு ஆமான்னாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ, நான் கத்தினாலும் சரி. எதுவும் இல்லேன்னா பக்கத்துல வந்து உக்காரு. பேச வேணாம். பேசாம உக்கார்றதுலதான் நீ கெட்டிக்காரி ஆச்சே."