பால் என்று சொன்னேன்

தோட்டத்தில் ரப்பர் பாலை வெறும் பால் என்றுதான் சொல்வோம். பல ஆண்டுகள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாக அதை நிறுத்து வாங்கிய எனக்கு வேறு சொல் வாயில் வராது.

மலேசியாவில், லாபு பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடப் போகிறார்கள். நீலாய் நகரில் இருக்கும் என் மகள் அதற்காக என் நினைவுகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படமாக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அப்படியே தட்டினாள்: மழைக்கு முந்தின காலை, பால் வாளியோடு ஒரு பெண்.

திரையில் ஒரு பெண் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பசு. மடியில் குழந்தை.

"ஐயோ அப்பா, மாட்டுப் பாலுன்னு நெனச்சிருச்சு லா!" என்று சிரித்தாள்.

குழந்தையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

ரப்பர் பால் என்று திருத்தினாள். பசு போய், ரப்பர் மரங்கள் வந்தன. குழந்தை கண்மூடி அப்படியே கிடந்தது.

"அத எடுத்துரும்மா."

எடுத்தாள். அந்தப் பெண்ணின் இடக்கை மட்டும் எதையோ தாங்குவதுபோல வளைந்தே இருந்தது.

"பரவால்லப்பா, அழகா இருக்கு. பிரிண்ட் போட்டுருவோம். கடைசி லயத்து வீட்டு அம்மாகூட ஞாயித்துக்கெழம வராங்களாம்."

படத்தில் இருப்பது அந்த அம்மாதான் என்று மகளுக்குத் தெரியாது.

நான் சொன்ன அந்தக் காலையில் வானம் கறுத்திருந்தது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் கெட்டுவிடும். சைக்கிளில் போன என்னை அவள் மறித்தாள்.

"ஐயா, புள்ளைக்கி அனலா கொதிக்குதுங்க. ஆயாக் கொட்டாய்ல விட்டுட்டு வந்தேன். மாரு கட்டிக்கிச்சு. ஒரு எட்டு போயி பால் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"மொதல்ல மரத்துப் பால எடு. அப்புறம் போ."

எடுத்தாள். அவள் வாளியோடு இறங்கி வந்தபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பால் நிறுக்கும் கொட்டகை வாசலில் குழந்தை இறந்த சேதியோடு நின்றிருந்தார். தோட்டத்து மேலாளரான துரை விசாரித்தார். அவள் என்னிடம் அனுமதி கேட்கவே இல்லை என்று சொன்னேன். அதன்பிறகு லயமே அவளைப் பிள்ளையைச் சாகவிட்டவள் என்றது. அவள் மறுத்துப் பேசியதாக நான் கேட்டதில்லை. கிராணி சொன்னதற்கு மேல் அங்கே யார் பேச்சு எடுபடும்?

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அவங்க வருவாங்கப்பா."

"எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன். கொழந்தய திரும்பப் போடு."

போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க எங்க நின்னீங்க?"

திரையில் அந்தப் பெண்ணுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தேன்.