பீரோவில் கிடந்த காசிப் பட்டு

உக்கடத்துத் தையல்காரர் அப்துல் கையூம் உயர்ந்த துணி எதையும் கடையில் வைப்பதில்லை. கூரை ஒழுகும், பஞ்சு வண்டிகள் கிளப்பும் புழுதி வேறு. வாடிக்கைக்காரர்கள் நம்பிக் கொடுத்ததெல்லாம் அவர் வீட்டுத் தேக்குப் பீரோவில்தான் இருந்தது. மேல்தட்டில் கம்பளித் துணி, இடையிடையே காய்ந்த வேப்பிலை. நடுத்தட்டில் பட்டு, பழைய வேட்டியில் சுற்றியது. கீழே மல், லாங்கிளாத் போன்ற பருத்தித் துணிகள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கேட்ட துணியை எடுத்துவிடுவார்.

1935-ஆம் வருஷம் ஆனி மாதம், பீளமேட்டு மில்காரர் திருமலைசாமி தம் மகனின் கல்யாணக் கோட்டுக்கு ஐந்து கெஜம் சரிகைக் காசிப் பட்டு கொடுத்தார். மறுவாரமே பங்காளி வீட்டில் ஒரு சாவு. கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. துணி கையூமிடமே தங்கிவிட்டது.

ஆடியில் ஒரு நாள் பட்டை எடுத்துப் பார்த்தவருக்குத் திக்கென்றது. அவர் நாலாக மடித்து வைத்தது மூன்றாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மறுபடி நாலாக மடித்து, உள்ளே ஒரு வெள்ளை நூலை வைத்தார். எட்டாம் நாள் நூல் தரையில் கிடந்தது.

மனைவி சாயிரா பானுவின் தங்கை போத்தனூரில் இருந்தாள். அந்த வீட்டில் அந்த வாரம்தான் ஒரு நிக்காஹ் நடந்திருந்தது. மாப்பிள்ளை தோளில் பட்டைப் போட்டு அழகு பார்த்திருப்பார்களோ? கெஜக்கோலை எடுத்து அளந்தார். ஐந்து கெஜம் சரியாக இருந்தது. முகர்ந்தார். அத்தர் வாசனை அடிப்பதுபோலவே இருந்தது.

"சாயிரா, பட்டைத் தொட்டயா?"

"தொட்டேனுங்க. ஒரே மடிப்புல கெடந்தா சரிகை ஒடிஞ்சுபோயிரும். மாத்தி மாத்தி மடிச்சு வெக்கோணும். எங்கம்மா பொட்டியில அப்படித்தான் வெப்பாங்க."

"இருபது வருஷமா ஊசி பிடிக்கறவனுக்கு நீ சொல்லித் தாரயாக்கும்!"

"காக்கி நிஜார் தெச்ச ஊசிக்குச் சரிகையைப் பத்தித் தெரியுமுங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு காரணம் வருகிறதென்றால் முன்பே யோசித்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். பட்டைத் தம் விருப்பப்படி இறுக்கி மடித்து, மேலே கம்பளி மூட்டையை ஏற்றிப் பீரோவைப் பூட்டினார். சாவி அவர் இடுப்புக்குப் போயிற்று. வேறு துணி எடுக்க அவரே திறந்தார், அவரே பூட்டினார். ஐப்பசி மழையில் அவள் ஒருமுறை சாவி கேட்டாள். அவர் காதில் விழாததுபோல் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

தை பிறந்ததும் வெட்டுவதற்காகப் பட்டை விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் சரிகை கறுத்திருந்தது. விரலால் லேசாக இழுத்ததும் இழை பொடிந்து வந்தது. கோட்டின் மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று என்று எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தக் கோடுகளை மறைக்க வழியில்லை.

பீளமேட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். திருமலைசாமி சத்தம் போடவில்லை. பட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனி உங்களை நம்பி எப்படிங்க நல்ல துணி குடுக்கறது?" என்று மட்டும் கேட்டார். வேறு தையல்காரரைத் தேடி ஆள் போயிற்று.

வீடு திரும்பிய கையூம் சாவியைச் சாயிரா முன் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்க?" என்றாள் அவள். "தொறக்கோணும்னா கூப்புடறேன். பக்கத்துல நின்னு பாத்துக்கங்க."

சொன்னபடியே செய்தாள். ஒரு முழம் மல்துணி எடுப்பதென்றாலும் கடைவாசலுக்கு வந்து நின்று, நாலு பேர் கேட்க, "ஏனுங்க, பீரோவைத் தொறக்கோணும். வாங்க" என்று கூப்பிட்டாள். கையூம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் எழுந்து போனார்.