நீல மூடிக் குழாயின் கோடு

என் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் செல்லாது. அங்கே அவள் கோடு அக்கா. முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேன்டீன்காரர் ஒரு தடவை நேரிலேயே வாய் தவறிச் சொல்லிவிட்டு, பதற்றத்தில் டீயைத் தன் கைமேலேயே ஊற்றிக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். கண்ணாடிக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்து, பகலில் வேலையும் மாலையில் படிப்புமாகப் பட்டம் வாங்கி, போன வருடக் கடைசியில் ஒரு பிரிவுக்கே பொறுப்பாளராகிவிட்டாள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கிற பிரிவு. அதற்கு நீல மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் வரும். குழாயில் மெல்லிசாக ஒரு கோடு இருக்கும். ரத்தம் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் இவள் குழாயைத் தொடமாட்டாள். வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். பொறுப்புக்கு வந்த முதல் நாளே போட்ட உத்தரவு அது.

காரணம் இல்லாமல் இல்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்த்திவைத்து அவள் எனக்கே பாடம் எடுத்திருக்கிறாள். குழாயின் அடியில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்துத் தண்ணீர் அளவாக ஊற்றியிருப்பார்கள். ரத்தம் குறைந்தால் மருந்தின் கை ஓங்கிவிடும்; ரத்தம் உறைய நேரமாகும். மெஷினுக்கு என்ன தெரியும்? இந்த ஆளின் ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிருக்கிறது என்று ஒரு பொய் எண்ணைத் துப்பிவிடும். அந்த எண்ணை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்தால், உள்ளே ரத்தம் கட்டிவிடும். ஆகையால் கோடு முக்கியம். இதில் எனக்கு ஒரு தகராறும் கிடையாது. தகராறு எல்லாம், அந்தக் கோட்டை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள் என்பதுதான். மனிதர்களையும் அளவுக்கு நிற்கிறவர்கள், நிற்காதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து, என்னை இரண்டாவது ரகத்தில் போட்டுவிட்டாள்.

நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். கடையில் கூட்டாளி என் மச்சான், அதாவது அவள் தம்பி. பம்பில் வால்வு மாற்றுவதே பிழைப்பாக இருந்த எனக்கு, ஆறு வருடத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து ஒரு வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு. கடைக்கு வருகிறவர்களெல்லாம், கேரன்டி கார்டு கொடுத்தார்களா அண்ணே என்று கேட்டுச் சிரித்து ஓய்ந்தார்கள். அமைதியான அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். கடிகாரத்தை முழுங்கிய மனிதர் என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

உலோகத்தின்மேல் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். கூடினால் உடம்புக்குள் எங்காவது கசியும், குறைந்தால் வால்வில் கட்டி சேரும். மாதம் ஒரு முறை ரத்தம் கொடுத்து, எண்ணைப் பார்த்து, டாக்டர் அளவைச் சொல்வார். முதல் ஐந்து வருடமும் என் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் சமர்த்தாக இருந்தது. இவள் பொறுப்பாளரான பிறகுதான் அது துள்ள ஆரம்பித்தது.

ரத்தம் எடுப்பவரை எல்லோரும் 'வலிக்காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கையில் எடுத்ததுமே வலிக்காது வலிக்காது என்று சொல்லிக்கொண்டே குத்துவார். வலிக்கும். ஆனாலும் தங்கமான மனிதர். ஐந்து வருடம் குத்திக் குத்தி, என் நரம்பு ஊசியைக் கண்டாலே ஓடி ஒளிகிற ஜாதியாகிவிட்டது. நீலக் குழாய் பாதி நிறைவதற்குள் ரத்தம் நின்றுவிடும். அவர் அடுத்த கையில் குத்தி, ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயை நிரப்புவார். அது நிறைந்ததும், அதிலிருந்து கொஞ்சத்தை நீலத்தில் ஊற்றிக் கோடு வரைக்கும் கொண்டுவந்துவிடுவார். "அக்கா திருப்பி அனுப்பினா உங்களை மூணாவது தடவை குத்தணும், அண்ணே. பாவம்" என்பார். எனக்கு அவர்மேல் நன்றியாக இருக்கும். ஒரே ஆளுடைய ரத்தம், இந்தக் குழாயில் இருந்தால் என்ன, அந்தக் குழாயில் இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

எண் நாலைத் தாண்டியது; அதாவது ரத்தம் ரொம்ப நீர்த்துவிட்டதாம். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த மாதமும் கூடுதல், மறுபடி குறைத்தார். அவரைவிட என் மனைவிதான் கொதித்தாள். குழாய் கோட்டில் நிற்கிறது, மெஷின் சரியாக இருக்கிறது, பரிசோதித்தது அவளே. அப்படியானால் தப்பு செய்யக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது நான்.

விசாரணை ஆரம்பமாயிற்று. மறதியில் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்கிறேன் என்றாள். மருந்துக்கடையில் முதுகுவலிக்கு எதையோ வாங்கித் திருட்டுத்தனமாக விழுங்குகிறேன் என்றாள். மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. உடனே, மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வெளியே வாங்கி டப்பாவை நிரப்பிவைக்கிறேன் என்றாள். மச்சான்கூட ஒரு நாள் கடையில் மெதுவாக என் பக்கம் வந்து, மாமா, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க என்றான். ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல வந்தது. நாற்பத்தொன்பது வயதில், போட்ட மாத்திரையைப் போட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு திரிந்தேன்.

என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. கடையில் ஒரு மோட்டார் சரிந்து முழங்காலுக்குக் கீழே நன்றாக இடித்துவிட்டது. அடிபட்ட இடம் எப்படி நிறம் மாறும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு கருநீலமாகும். ரத்தத்தின் சாயம் உடைய உடையப் பச்சையாகி, மஞ்சளாகி, சில சமயம் அதிலிருக்கும் இரும்பு மட்டும் துருக்கறை மாதிரி தங்கிவிடும். ரத்தம் நீர்த்தவனுக்கு இந்தக் கூத்து கால் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். எனக்கோ ஒரு சின்னப் பொட்டு, அதுவும் சீக்கிரமே மஞ்சளாகி மறைந்துவிட்டது. லுங்கியைத் தூக்கிக் காலை அவள் முன்னால் நீட்டினேன்.

"ரத்தம் தண்ணியா ஓடுதுன்னா இந்நேரம் இந்தக் கால் கத்தரிக்காய் மாதிரி இருக்கணும். நீயே பாரு."

அவள் காலைப் பார்க்கவேயில்லை. "காலை வெச்செல்லாம் டோஸ் முடிவு பண்ண முடியாது. மெஷின் சொல்றதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். கோபத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதையும் அவள் எண் ஏறுவதற்கு ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடைப் படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. சொன்னால், எடை போட்டிருக்கிறீர்கள் என்றாள். அதற்கு மேல் எதையும் சொல்லப் பிடிக்காமல் இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டிலில் நான் படுத்திருக்கிறேன், பக்கத்தில் அவள் செய்தித்தாள் படிக்கிறாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வீடு அமைதியானது. அவள் பக்கத்தைத் திருப்பப்போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"சத்தம் எங்க?"

என்ன சத்தம் என்று கேட்பதற்குள் என் நெஞ்சில் காதை வைத்துவிட்டாள். ஆறு வருடமாகக் கேட்ட டிக் டிக் இல்லை. துணியில் சுற்றிவைத்துத் தட்டுகிற மாதிரி மொத்தையாக ஏதோ ஒன்று. செருப்பு மாட்டாமலேயே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் மணிக்கட்டில் குத்தி, ஒரே மூச்சில் நீலக் குழாயைக் கோடு வரைக்கும் நிரப்பிக்கொண்டு போனாள். எண் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் இவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எண் நாலரை. நெஞ்சை ஸ்கேன் செய்த இதய டாக்டர், வால்வின் ஒரு இதழ் அசையவில்லை, ரத்தக்கட்டி பிடித்துவைத்திருக்கிறது என்றார். கரைக்கிற மருந்தை டிரிப்பில் மெதுவாக ஏற்றப்போகிறோம். கரையும்போது துணுக்கு பிரிந்து மூளைக்குப் போகிற ஆபத்தும் உண்டு, வேறு வழியில்லை என்று சொல்லி அவளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் என் கட்டிலுக்கு வந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்றாள்.

எனக்கு மூச்சே சரியாக வரவில்லை. கோபம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. "போன வாரம் வரைக்கும் ரெண்டு ரெண்டா முழுங்கறேன்னு சொன்ன. இன்னிக்கு முழுங்கவே இல்லைங்கற. நான் என்னதான் பண்ணேன்னு நீயே ஒரு முடிவுக்கு வா. இந்தப் பொண்ணு ஒரே குத்துல எடுத்துட்டுப் போயிடுச்சு. உங்க ஆளு மாதிரி ரெண்டு கையிலயும் குத்தி, ஊதாவுலேர்ந்து நீலத்துல ஊத்திக்கிட்டு நிக்கல."

டிரிப் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"என்ன ஊத்தினாரு?"

சொன்னேன். ஊதாக் குழாயில் இருப்பது வேறு மருந்து என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். ரத்தம் உறையாமல் தடுக்க அது ஒன்றே போதும். அதைக் கொண்டுபோய் நீலத்தில் ஊற்றினால் ரத்தம் உறையவே யோசிக்கும். என் எண் ஏறவே இல்லை. ஏறியதெல்லாம் குழாய்க்குள்தான். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டாள். நீ கோடு கோடு என்று ஆரம்பித்ததிலிருந்து என்றேன்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ மாத்திரையைப் பத்தி மட்டும்தானே கேட்ட."

அவள் எழுந்து கீழே போனாள். மறுநாள் காலையில்தான் மச்சான் வந்து நடந்ததைச் சொன்னான். அன்று 'வலிக்காது'வுக்கு ஞாயிற்றுக்கிழமை முறைவேலை. அக்கா அவரைக் கடித்துக் குதறப்போகிறாள் என்று, சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்த இவன் பயந்துகொண்டே பின்னால் போனானாம். அவர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் திருப்பி அனுப்புகிற குழாயோடு நான்தான் திரும்பவும் நோயாளிகள் முன்னால் போய் நிற்கிறேன், வயசானவர்கள் கையை நீட்டிக்கொண்டு அழுகிறார்கள், கோடு வரைக்கும் வேண்டும் என்றீர்கள், கொண்டுவந்தேன் என்று சொல்லி அவரும் அழுதாராம். ஊதாவிலிருந்து ஊற்றக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் இவள். அக்கா அங்கேயே நின்னு பரிசோதனைக் கூடத் தலைவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிட்டா, மாமா என்றான்.

கட்டி கரைய ஆரம்பித்திருந்தது. மூச்சு லேசானது. கை கால் எல்லாம் இருக்கிறதா என்று அடிக்கடி அசைத்துப் பார்த்துக்கொண்டேன். கூடத்தின் தலைவர் அவளிடம், இனிமேல் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற நோயாளிகள் அடுத்த மாதம் தானாக வருவார்கள், அதற்குள் போன் போட்டுக் கலவரப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவள் தலையாட்டிவிட்டு வந்து, யார் யாருக்கெல்லாம் இந்த ஆறு மாதத்தில் எண் எகிறியதோ அவர்களுடைய போன் நம்பர்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தான் யார் என்று சொல்வாள். உங்கள் எண் தப்பு, இன்றைக்கே வந்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்பாள். பிறகு குரல் இறங்கும். "மாத்திரையைச் சரியாத்தான் போட்டேன்னு சொன்னீங்க. நாங்க நம்பல. மன்னிச்சுக்கோங்க." முகம் தெரியாத ஒருவருக்குச் சொன்னாள். அடுத்தவருக்கும் சொன்னாள். கைக்கெட்டும் தூரத்தில் நான் கிடக்கிறேன், எனக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்குக் கிடைக்காதது டெலிபோனில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிடைக்கிறதே என்று மனசு புழுங்கியது.

கடைசி நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். வார்டில் சத்தம் என்று இவள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தன் கணவருக்குப் போன மாதமே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். பேச்சும் போய்விட்டது. மாத்திரையில் ஏதோ கோளாறு பண்ணிவிட்டார், எத்தனை சொன்னாலும் ஒத்துக்கொள்ளவே மாட்டார், கடைசிவரைக்கும் சரியாகப் போட்டேன் என்றே சாதித்தார், நாங்கள் திட்டாத திட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவர் பக்கத்துல இருக்காரா?"

இருக்கிறார், படுத்திருக்கிறார் என்று பதில் வந்தது.

"நான் பேசறது உங்களுக்கும் கேக்கணும். போனை அவர் காதுகிட்ட கொண்டுபோங்க."

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. யாரோ கனமாக மூச்சு விடுவது கேட்டது. என் மனைவி என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

"ஐயா, நீங்க மாத்திரையைச் சரியாத்தான் போட்டீங்க. தப்பு எங்களோடது."

அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தையாக எதுவும் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. அவள் போனை வைக்கவில்லை. அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.