உறை பிரிக்காத ரிமோட்

தினமும் ஏசி ரிமோட்டை அதன் பிளாஸ்டிக் உறையோடு வேட்டி முனையால் துடைப்பார் ஜெயவேல். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் மறுபடி ஆணியில் மாட்டுவார். பிறகுதான் தறிக்குழியில் காலை இறக்குவார். சாமி படத்துக்குக்கூட அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் துடைப்பு.

பட்டு நெய்கிற மனிதருக்கு எதற்கு இத்தனை சாமான் என்று ஆரணியில் அந்தத் தெருவே கேட்கிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் மதிவதனி ஒருநாள் இங்கே ராத்தங்க வேண்டும், அதற்குத்தான். ஒவ்வொரு சாமானும் அவள் போனில் சொன்ன ஒரு சாக்குக்குப் பதில். “கரண்டு போய்ப் போய் வருது நைனா, பாப்பா தூங்க மாட்டா” என்றாள், இன்வெர்ட்டர் வந்தது. ஊரிலிருந்தே வேலை பார்க்க நெட் இல்லையே என்றாள்; வைஃபை வந்தது. பேத்தி கார்ட்டூன் இல்லாமல் வாயே திறக்காதாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியைக் கழற்றிவிட்டுப் பாதிச் சுவருக்கு ஒன்றை ஏற்றினார்கள். கடைக்காரர் எந்த மாடல் என்று கேட்டால் ஜெயவேல் சொல்லும் ஒரே தொழில்நுட்ப விவரம், “கொழந்தைக்கு ஒத்துக்கணும்.”

அடுத்த சாக்கு வெயில்.

ஏசி வந்தது. ஆனால் வீட்டில் பெரிய அறை ஒன்றுதான், அதில் பாதி தறி. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வெற்றிச்செல்வன், “இன்னா மாமா, தறிக்கு வேர்க்குதா?” என்று கேட்டுக்கொண்டேதான் சுவரைத் துளைத்தான். ஓட்டிப் பார்த்தபோது அறை குளிர்ந்தது, காற்று காய்ந்தது. தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டியிருந்த பாவு இழைகளுக்குக் கொஞ்சம் ஈரக்காற்று வேண்டும். அது போனதும் ஒவ்வொன்றாக அறுந்தன. இத்தனை வருஷம் பட்டோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இது தெரியாதா என்ன? தெரியும். மகள் நினைப்பில் மறந்துவிட்டது.

மனைவி அருள்மணி ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். “ஊர்ல யாருனா தறி மேல ஏசி மாட்டுவாங்களா? நெய்யணும், இல்லன்னா ஜில்லுனு படுத்துகினு கெடக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

அவர் ரிமோட்டை உறையோடு ஆணியில் மாட்டினார். வீட்டுக்கு யார் போனாலும், அதை வாங்கிப் பார்க்க நீட்டிய கையைத் தடுத்து ஒரே பதில்தான்: “பாப்பா வந்து பிரிக்கட்டும்.”

பக்கத்து ஊரான களம்பூரில் ஒரு கல்யாணம் வந்தது. மதிவதனி கணவனோடும் குழந்தையோடும் வந்தாள். மத்தியானம் இங்கே சாப்பாடு. தங்குவார்கள் என்று ஜெயவேல் தாமே முடிவு செய்து, புது மெத்தைகூட விரித்திருந்தார். பாவு என்ன ஆவது என்று அருள்மணி முணுமுணுத்ததற்கு, அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்றார். பேத்தி பல்லால் கடித்து உறையைப் பிரித்தாள். ஏசி ஓடியது. மாப்பிள்ளை வைஃபை வேகத்தைப் புகழ்ந்தார். குழந்தை பெரிய டிவி முன்னால் முழுச் சோறும் தின்றது. மதிவதனி மெத்தையில் சாய்ந்தவள், பத்தாவது படித்த காலத்தில் தூங்கினாளே, அப்படி வாய் பிளந்து தூங்கிப்போனாள். தறிப் பக்கம் இழைகள் அறுந்துகொண்டிருந்தன. ஜெயவேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு மணிக்கு எழுந்து தலை வாரிக்கொண்டாள். “காலைல மீட்டிங் நைனா. வீடு எவ்ளோ நல்லா இருக்குது! ஒரு கொறையும் இல்ல. அடுத்த வாட்டி கண்டிப்பா தங்கறோம்.”

அவள் குறை சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. இனி வாங்குவதற்கு எதுவும் இல்லை.

கார் தெருமுனை திரும்பியதும் அருள்மணி உள்ளே வந்தார். “அதான் போயிட்டாங்கல்ல, அத நிறுத்து. பாவு மொத்தமும் போவுது.”

“இருக்கட்டும்.”

தறிக்குழியில் காலை இறக்கினார். அறுந்த இழையின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து, விரலில் எச்சில் தொட்டு முறுக்கி முடிந்தார். பக்கத்தில் இன்னொன்று அறுந்தது. அதையும் முடிந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.